மேலே இரண்டு அறை

கொத்தனார் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். உள்ளேயிருந்து காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, கீழே நான் கரைத்து வைத்திருந்த காராமணி மாவுக்குள் விழுந்தது. அன்றைக்கு முதல் ஈடு வடை கிடையாது. மாவைக் கொட்டவும் மனமில்லை, மண்ணைப் பொறுக்கவும் முடியவில்லை. நான் முறைத்தேன். கொத்தனார் என்னைப் பார்க்கவே இல்லை. உதிர்ந்த இடத்தில் விரலை விட்டு, செம்மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, மூக்குப்பொடி போடுகிறவர் மாதிரி கசக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணே, பூரா மண்ணு. மேல சிமெண்ட தடவி வச்சிருக்காங்க. கல்யாணத்துக்குப் போற கிழவி பவுடர் அப்புற மாதிரி. இது மேல மாடி எடுத்தீங்கன்னா வீடு அப்படியே உக்காந்துரும்."

அண்ணன் என்று அவர் சொன்னது அட்டக்கோராவை. குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர், நாற்பத்தைந்து வயது, கோபமே வராத மனிதர். கோபம் வராதவர்களை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அவர்களுடைய பங்குக் கோபத்தையும் வீட்டில் வேறு யாராவது பட்டாக வேண்டும். அவருடைய பங்கைப் பட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவர் மனைவி தாச்சிவா. கேஜேட்டியா சந்தையில் பழைய திரைச்சீலை விற்பவள். வெள்ளைக்காரர் வீடுகளில் கழித்துக் கட்டிய திரைகள் பொதி பொதியாய் வரும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எங்கே ஓட்டை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் சுவரில் விழுந்த ஓட்டையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூமாசி நகரத்தில், க்ரோஃப்ரோம் பகுதியில், போவாடி குடும்பத்து வீட்டின் தெருப்பக்கச் சுவர் அது. பதினொரு வருடமாக அதில் முதுகைச் சாய்த்துத்தான் கம்பங்கஞ்சியும் காராமணி வடையும் விற்கிறேன். என் தகரக் கொட்டகை நிற்கிற நாலடி மண்ணும் அந்தக் குடும்பத்துடையதுதான். ஆகவே அந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த அறையில் மழைக்குப் பாத்திரம் வைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருப்பது என் குற்றமில்லை. சுவர் மெல்லியது. காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவும் வழியில்லை.

அட்டக்கோராவுக்கு அது தாய் வீடு. முற்றத்தைச் சுற்றிப் பத்து அறை. அதில் ஓர் அறையில் இவரும் தாச்சிவாவும் மூன்று பிள்ளைகளும். மூத்தவள் அடோமாவுக்குப் பன்னிரண்டு முடிந்தபோது, அவள் உடை மாற்ற அப்பா வெளியே வந்து என் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு கிண்ணம் கஞ்சி வாங்குவார். எனக்கு வியாபாரம்தான். ஆனாலும் சொல்வேன், ஒரு மனிதர் ஒரு நாளைக்கு அத்தனை கஞ்சி குடிக்கக் கூடாது.

அவர்களுக்கு நகரத்துக்கு வெளியே, த்ரெடே பக்கம், ஒரு மனை இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் வாங்கியது. அஸ்திவாரம் போட்டு, கல் கல்லாக அடுக்கி, ஜன்னல் உயரத்துக்கு வந்து நின்றுபோனது. உள்ளே ஆள் உயரத்துக்குப் புல். தாச்சிவா ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் புல்லை வெட்டிவிட்டு வருவாள். "இது கூடம், இது அடோமா ரூம்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாளாம். அவர்கள் அந்த அறைகளுக்குள் ஓடிப் பிடித்து விளையாடிவிட்டு, மாலையில் இங்கே வந்து ஒரே பாயில் படுப்பார்கள்.

அதை முடித்துக் குடி போவதா, இல்லை தாய் வீட்டுக் கூரைமேல் இரண்டு அறை எடுப்பதா என்று ஒரு வருடம் பேசினார்கள். தெருவே கூடப் பேசியது. நானும் பேசினேன், மறைக்கவில்லை. த்ரெடேயில் தண்ணீர் இல்லை, மின்கம்பம் இல்லை. இருட்டோடு கிளம்பி இரண்டு வேன் மாறினால்தான் சந்தை. "பாம்புக்குத் திரை விக்கப் போறியா?" என்று நான்தான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மேலே இரண்டு அறைக்குச் சுவரும் கூரையும் போதும், மற்றதெல்லாம் கீழே தயாராக இருக்கிறது, த்ரெடேயில் ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்று அட்டக்கோரா விரல் விட்டுச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சுவர் மட்டும் மண்ணாக இருந்தது.

கொத்தனார் வழி சொன்னார். வீட்டைத் தொடாமல் வெளியே எட்டு கான்கிரீட் தூண் நட்டு, அறைகளைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். எவ்வளவு ஆகும் என்று அட்டக்கோரா கேட்டார். கொத்தனார் தொகையைச் சொல்லிவிட்டு, நல்ல மனிதர், கூடவே இதையும் சொன்னார்: "இந்தக் காசுக்கு உங்க மனையில வீடே முடிச்சுரலாம் அண்ணே. யோசிச்சுக்கங்க."

தாச்சிவா யோசிக்கவே இல்லை, அங்கேயே நின்று த்ரெடே என்றாள். அட்டக்கோரா சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், தெருவில் எல்லாருக்கும் தெரியும். வெட்டவெளியில் ஒரு வீடு கட்டினால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பிறந்த வீட்டுக்கு மாடி எடுத்தவன் என்றால் நூறு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். நல்ல மனிதர்களுக்கும் அந்த ஆசை உண்டு, அவர்களுக்குத்தான் அதிகம். மனையை விற்றுத் தூண் நடுவது என்று முடிவானது.

அதற்கு அடுத்த நாள் தாச்சிவா சந்தைக்குக் கிளம்பும் வழியில் என்னிடம் வந்து நின்றாள். மனையை விற்பதற்கு முன் நன்றிப் போத்தல் வைத்தே ஆக வேண்டும் என்றாள்.

எங்கள் பக்கம் சொத்து மருமக்கள் வழி. பிள்ளைகள் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அப்பன் குடும்பத்து வீட்டில் அவர்கள் நீண்டநாள் விருந்தாளிகள், மனைவி அந்த விருந்தாளிகளுக்கும் ஒரு படி கீழே. ஒருவன் தன் கைக்காசில் தன் மண்ணில் கட்டியதில் பெண்டாட்டி பிள்ளைக்குப் பங்கு உண்டு, சட்டமே இருக்கிறது. ஆனால் குடும்பத்து மண்ணில் நட்ட கல், யார் காசில் நட்டாலும் குடும்பத்துக் கல். கட்டியவன் சாகிற வரை அதில் இருக்கலாம், அவ்வளவுதான். அது மாற வேண்டுமானால் குடும்பத் தலைவர் தன் வாயால் 'இது உனக்கு, உன் பிள்ளைகளுக்கு' என்று சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டவன் நன்றி சொல்லி ஒரு போத்தல் மது வைக்க வேண்டும். அதில் சாட்சிகளும் ஆளுக்கு ஒரு மிடறு குடிக்க வேண்டும். காகிதம் கேட்கமாட்டார்கள். குடித்த தொண்டைதான் பத்திரம்.

"அவரு மாட்டேங்குறாரு அக்கா. வளத்த மாமாகிட்ட சாட்சி வச்சுப் பேசுனா, அவரச் சந்தேகப்படுற மாதிரி ஆயிருமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சந்தேகந்தான் படுறேன்னு சொன்னேன்."

மாமா என்றால் போவாடி. அட்டக்கோராவின் தாய்மாமன், குடும்பத் தலைவர். காலையில் முதல் கிண்ணம் அவருக்குத்தான். காசு வாங்கும் பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை, கொட்டகை நிற்கிற மண் அவருடையது என்பது வடையின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். தோளில் துணியை அவர் போர்த்துகிற அழகைப் பார்த்தே பஞ்சாயத்துகளில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

இரண்டு வாரம் அந்த அறையில் வாக்குவாதம் நடந்தது. தாச்சிவாவின் குரல்தான் கேட்கும். பதிலாக அவர் இருமுவார். கடைசியில் இருவருக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார், ஒரு வழியும் இல்லாதவர்கள் கண்டுபிடிக்கிற வழி. போத்தல் வைப்பார், ஆனால் சபை கூட்டமாட்டார். மாமா கஞ்சி குடிக்க வந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, பட்டறைக்குப் போகிற அவசரத்தில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜின் போத்தலைப் பெஞ்சில் வைத்தார். மனைவியின் பக்கத்து ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் இருந்தேன்.

மாமா சிரித்தார். "என்னடா இது, காலங்காத்தால?"

"மேல கட்டுறதுக்கு, மாமா. நன்றி சொல்லணும்ல."

"கட்டுடா. மேல வானந்தான இருக்கு, அது எந்தக் குடும்பத்துச் சொத்து? நீ கட்டுனது உனக்கு. உன் பிள்ளைங்களுக்கு."

அப்படித்தான் சொன்னார், வார்த்தை மாறாமல். என்னிடம் ஒரு தம்ளர் கேட்டார். இறந்தவர்கள் பெயர் சொல்லித் தரையில் மூன்று சொட்டு விட்டார், மீதியைக் குடித்தார், அட்டக்கோரா குடித்தார். பிறகு மாமா தம்ளரை என் பக்கம் நீட்டினார். கையில் மாவு இருந்தது. துடைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தேன். வெறும் வயிற்றில் எரிந்துகொண்டே இறங்கியது.

அதன்பின் மனை விற்றது, தூண்கள் எழுந்தன. என் கொட்டகையைப் பத்தடி தள்ளிப் போட்டார்கள். வேலை ஒரு வருடம் என்றது இரண்டு வருடம் ஆனது. தோண்டின குழியில் பழைய சாக்கடை கிளம்பியது. மூன்றாவது தூணுக்கு மழை பெய்து கம்பி துருப்பிடித்தது. கீழ்வீட்டுச் சுவரில் விரிசல் விட்டபோது அதைப் பூசிக் கொடுக்கும் பொறுப்பும், அந்தச் சுவரை ஒட்டிய அறையில் இருந்த அட்டக்கோராவின் அக்கா அம்போன்சாவுக்குப் புது ஓடு பதித்துக் கொடுக்கும் பொறுப்பும் இவர்கள் தலையில் விழுந்தது. முடிந்தபோது த்ரெடே வீட்டைக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைத் தாண்டிவிட்டது என்று தாச்சிவா சொன்னாள். மனையை வாங்கியவர்கள் அதற்குள் அங்கே வீட்டை முடித்துப் பச்சை வர்ணம் அடித்துவிட்டார்களாம். மின்கம்பமும் வந்துவிட்டதாம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஏன் போனாய் என்று கேட்டேன். புல் வெட்டுகிற நாள் பழக்கம் என்றாள்.

ஆனாலும் மேலே அந்த இரண்டு அறை அழகாகத்தான் இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் அவள் எட்டு முறை திரை மாற்றினாள், நான் எண்ணினேன். அடோமாவுக்குத் தனியாக ஒரு மூலையும் ஒரு மேசையும் கிடைத்தன. மாலை ஆனால் அட்டக்கோரா மேலே ஜன்னலில் கையை ஊன்றி நிற்பார். போகிற வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "மாடிக்காரரே" என்று கையசைப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை சிமெண்டும் போயிருந்தது.

மூன்று வருடம் அனுபவித்தார். நான்காவது வருடம் ஒரு வியாழக்கிழமை, பட்டறையில் ஒரு குளிர்பெட்டியின் முதுகைத் திறந்து வைத்தபடியே சாய்ந்தார். ரத்தக் கொதிப்பு. கோபமே வராதவருக்குக் கொதிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரு கேட்டது.

சவப்பெட்டி வாங்குவது பெண்டாட்டி பிள்ளைகளின் கடமை. தாச்சிவா பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டி வாங்கினாள். சாவு வீட்டுச் சனிக்கிழமை கறுப்பும் சிவப்புமாக ஊரே வந்து ஆடியது. பெட்டியைப் பார்த்து அம்போன்சாகூட, குறை சொல்ல ஒன்றுமில்லாத வருத்தத்தில், உதட்டைப் பிதுக்கினாள். மாமா தாச்சிவாவின் தலையில் கை வைத்து, நீ இந்த வீட்டு மருமகள், எங்கேயும் போகப் போவதில்லை என்றார். நான் அருகில்தான் இருந்தேன். அதையும் கேட்டேன்.

முப்பதாம் நாள், மாமா வழக்கம்போல் வந்து மூன்று வடை தின்றார். கஞ்சி குடித்தார். பிறகு துணிக்குள் கையை விட்டுக் காசு எடுத்துக் கொடுத்தார். அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் காசு அது.

"நாப்பதாம் நாள் சபை வைக்கிறோம். அட்டக்கோரா எடத்துக்கு அம்போன்சா மகன் வர்றான். மேல ரெண்டு ரூம் அவனுக்கு." ஏப்பம் விட்டார். "இந்தச் சுவத்த இடிச்சு ரெண்டு கடை போடலாம்னு பசங்க நிக்கிறானுங்க. நீ ஒண்ணும் பயப்படாத போக்குவா. நமக்கு யாரு வேணுங்கிறது நமக்குத் தெரியும்."

இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் காட்ட முடியாது. அவ்வளவு சுத்தமாகப் பேசுவார்.

அன்று மாலையே தாச்சிவா வந்தாள். கறுப்பு உடையில் இன்னும் மெலிந்து தெரிந்தாள். சந்தையில் யாரோ சட்டம் தெரிந்தவரிடம் கேட்டிருந்தாள். நன்றிப் போத்தல் வைத்ததும், மாமா இன்ன வார்த்தை சொன்னதும் நிரூபணம் ஆனால் அந்த இரண்டு அறை அவளுக்கும் பிள்ளைகளுக்கும். ஆகாவிட்டால் மண் யாருடையதோ அறையும் அவர்களுடையது என்று அவர் சொல்லியிருக்கிறார். வேறு வீடு இல்லை, மனையும் இல்லை. எல்லாம் அந்த எட்டுத் தூணுக்குள் போய்விட்டது.

"நீங்க குடிச்சீங்கல்ல அக்கா."

"ம்."

"அத மட்டும் சொன்னாப் போதும்."

"ம்" என்றேன் மறுபடியும். அந்த இரண்டாவது 'ம்' என் வாயிலிருந்து ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதலாவது உண்மை, அதற்கு நான் பொறுப்பு. இரண்டாவதை நம்பித்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

நாற்பதாம் நாள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். ஒரு பக்கம் குடும்பம், எதிர்ப்பக்கம் தாச்சிவாவும் அவள் அண்ணனும். மாமா செய்தியைச் சொன்னார்: அறைகள் குடும்பத்துக்கு, தாச்சிவா இந்த மாதக் கடைசிவரை இருக்கலாம், அவசரமில்லை. தாச்சிவாவின் அண்ணன் எழுந்து போத்தலைப் பற்றிச் சொன்னார். மாமா மறுக்கவில்லை, அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். மருமகன் மாமனுக்கு எத்தனையோ போத்தல் வாங்கிக் கொடுத்திருக்கிறான், தாகத்துக்குக் கொடுத்தது எது, நன்றிக்குக் கொடுத்தது எது என்று யார் பிரிப்பது என்றார். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். போகிற பத்தடியில் சொல்ல வேண்டியதை மனதில் ஒரு தடவை சரியாகச் சொல்லியும் பார்த்தேன்.

தாச்சிவாவின் அண்ணன் மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, அன்னைக்கு மாமா குடுத்ததுல நீங்களும் ஒரு வாய் குடிச்சீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா பார்க்கவில்லை, தோள் துணியை மெதுவாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"காலையில நான் கஞ்சியத் தவிர வேற எதுவும் குடிக்கிறதில்லைங்க" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். அம்போன்சா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். என் வாய்க்கு எப்போதும் கிடைக்கிற சிரிப்புதான் அது. அந்தச் சிரிப்புக்குள் விஷயம் முடிந்துபோனது. மாமா தடியைத் தரையில் தட்டி எழுந்துகொண்டார். தாச்சிவா அழவில்லை, திட்டவில்லை. என்னைப் பார்த்தாள். சந்தையில் பொதியிலிருந்து உருவிய திரையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அப்படி. பிறகு கீழே வைத்துவிட்டாள்.

எழுந்தவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். என் சாமான்களையாவது நான் எடுத்துக்கொள்ளலாமா மாமா என்று. வென்றவர்களுக்கு வரும் தாராளம் மாமாவுக்கும் வந்தது.

"உன் சாமான யாரும்மா வேணாம்னா? நட்டது குடும்பத்துக்கு. நகர்றது உனக்கு."

அதை இன்னொரு முறை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கட்டில், மேசை, பாத்திரம், திரைகள் எல்லாம் இறங்கி லாரியில் ஏறின. பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். அதன்பிறகுதான் இரும்புப் பட்டறைக்காரர் இரண்டு பேர் பெரிய திருகுசாவிகளோடு வந்தார்கள். மேலே போவதற்கு வீட்டுக்குள் வழி கிடையாது. கூடத்தை உடைத்துப் படி வைக்க மாமா அந்தக் காலத்தில் சம்மதிக்கவில்லை. அதனால் தெருப்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டுச் செய்து, தூணோடு திருகாணி போட்டு மாட்டியிருந்தார்கள். சிமெண்ட் கிடையாது, பதினாறு திருகாணி. இவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்கள்.

அம்போன்சா முற்றத்திலிருந்து ஓடிவந்து கத்தினாள். தெரு கூடியது. மாமா வந்து, திருகாணிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நகருது மாமா" என்றாள் தாச்சிவா.

சபையில் இரண்டு முறை சொன்ன வார்த்தை. மாமா திரும்பி உள்ளே போய்விட்டார். படிக்கட்டு மூன்று துண்டாக லாரியில் ஏறியது. தெருவில் கைதட்டினார்கள். கெட்டிக்காரி, பழிவாங்கிவிட்டாள், இரண்டு அறையையும் வானத்தில் தொங்கவிட்டுப் போய்விட்டாள் என்று ஒரு வாரம் பேசிச் சிரித்தார்கள். நானும் கஞ்சி ஊற்றிக்கொண்டே அந்தக் கதையைப் பலருக்குச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். ஆனால் பழைய இரும்புக் கடையில் அதற்கு என்ன கொடுத்திருப்பார்கள்? சுயாமேயில் அவள் தாய் வீட்டில், அக்காவின் மூன்று பெண்களோடு ஒரே அறையில் இப்போது இருக்கிறார்கள் என்று கேள்வி. அடோமா உடை மாற்ற யார் வெளியே போகிறார்களோ, தெரியாது. என் காது அவ்வளவு தூரம் எட்டாது.

அறைகள் மூன்று மாதம் அப்படியே கிடந்தன. புதுப் படிக்கட்டு யார் செலவு என்பதில் மாமாவுக்கும் அம்போன்சாவுக்கும் பேச்சு நின்றுபோனது. அம்போன்சாவின் மகன் ஒரு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, எனக்கு அக்ராவில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். போன வாரம் மாமா எங்கிருந்தோ ஒரு மர ஏணி கொண்டுவந்து தூணில் சாய்த்தார். என்னிடம் வந்தார். தெருப்பக்க அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது, தெரிந்தவர்கள் இருந்தால் நல்லது, வாடகையில் பாதி போதும் என்றார். நான் குடியிருப்பது மூன்று தெரு தள்ளி, ஒரு மீன் கிடங்குக்குப் பின்னால். விடியற்காலையில் மாவையும் அடுப்பையும் தலையில் சுமந்து வருகிறேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்தது.

மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அறை காலியாக இருந்தது. அவள் திரைக் கம்பிகளைக்கூடக் கழற்றியிருந்தாள். ஜன்னலின் இரு பக்கமும் ஆணித் துளைகள் மட்டும். சுவர் நல்ல சுவர், தட்டிப் பார்த்தேன், மண் உதிரவில்லை. காற்று வந்தது. இங்கே பெஞ்சும் அங்கே கட்டிலும் போடலாம் என்று கண் தானாக இடம் பார்க்க ஆரம்பித்தது. கண்ணுக்கு வெட்கம் ஏது? பிறகு அட்டக்கோரா கையை ஊன்றி நிற்கும் ஜன்னலுக்குப் போய், நானும் கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தேன்.

நேர் கீழே என் கொட்டகையின் தகரக் கூரை. அதை நான் ஒருநாளும் மேலிருந்து பார்த்ததில்லை. துருவேறி, வடை எண்ணெயின் புகை படிந்து கறுத்திருந்தது. அடுப்புக்கு மேலே வருகிற இடத்தில் மட்டும், நாலாக மடித்த ஒரு தடித்த பிளாஸ்டிக் திரை விரித்திருந்தது. நீலப் பூப் போட்டது. குளியலறையில் மாட்டுகிற வகை, நல்ல விலை போகும். நாலு மூலையிலும் உடைந்த செங்கல் வைத்து, ஓரங்களைத் தார் பூசி ஒட்டியிருந்தது. இரண்டு மழைக்காலத்துக்கு முன் அந்த இடத்தில் ஒழுக்கு இருந்தது; அடுப்பு அணைந்து அணைந்து நான் வாய் ஓயாமல் சபித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தானாகவே நின்றுவிட்டது. துரு ஊறி அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று, மேலே ஜன்னலில் திரை மாட்டிக்கொண்டிருந்தவளிடம்தான் கத்திச் சொன்னேன். அப்படியா அக்கா என்றாள்.

கீழே யாரோ கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்னைத் தேடினார்கள். பானையைப் பார்த்தார்கள், தெருவின் இரு பக்கமும் பார்த்தார்கள்.

"எப்படி, பிடிச்சிருக்கா?" என்று மாமா ஏணியடியிலிருந்து குரல் கொடுத்தார்.

வடக்கேயிருந்து வறண்ட காற்று கிளம்பியிருந்தது. திரையின் ஒரு மூலையில் தார் விட்டுப்போய், செங்கல்லுக்கு அடியில் நீலப் பூ எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து எட்டவில்லை. படிக்கட்டில் நின்றிருந்தால் எட்டியிருக்கும்.